அம்மையை வென்ற கிராமத்து மருத்துவர் எட்வர்டு ஜென்னர்

இங்கிலாந்து நாட்டின் மேற்குப் பகுதியில் கிளாஸ்டர்ஷயர் என்றொரு வட்டாரம் உண்டு. பரந்த புல்வெளிகளும் மாட்டுப் பண்ணைகளும் நிறைந்த நிலம் அது. அங்குள்ள பெர்க்லி என்னும் சிற்றூரில் 1749ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பிறந்தவர் எட்வர்டு ஜென்னர். தந்தை ஸ்டீபன் ஜென்னர் அவ்வூர்த் திருச்சபையின் குருவாக இருந்தவர். ஒன்பது பிள்ளைகளுள் எட்டாவதாகப் பிறந்த எட்வர்டு ஐந்து வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தார். மூத்த உடன்பிறந்தோரின் அரவணைப்பில் வளர்ந்தார்.

நமது கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் நம் மண்ணில் பிறந்து நமக்காக உழைத்த பெரியோர்களின் வரலாறுகள் இடம்பெறுவது இயல்பு. அவற்றின் நடுவே இரு நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த ஓர் ஆங்கிலேய மருத்துவரின் வரலாறு எதற்கு என்று இளைஞர்கள் சிலர் கேட்கக்கூடும். அவ்வரலாற்றில் மாடு மேய்த்தோர், பால் கறந்தோர், நிலமற்ற கூலித் தொழிலாளர், அவர்தம் பிள்ளைகள் ஆகியோர் வகித்த பங்கு பாடநூல்களில் ஓரிரு வரிகளோடு நின்று விடுகிறது. அப்பங்கினை நாம் அறிந்திருப்பது நலம் என்பதே நான் இதனை எழுத முற்பட்ட காரணம்.

பெரியம்மை என்ற சொல்லைக் கேட்டால் இன்றைய பிள்ளைகளுக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. நம் பாட்டன் பாட்டிமார்க்கோ அது குலை நடுங்கச் செய்த சொல். வைசூரி என்றும் அதனை அழைத்தனர். வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகி, மாரியம்மனை வேண்டி, தாளிதமும் இரைச்சலும் இன்றி வீடே மூச்சடக்கிக் கிடக்கும். நோய் கண்டவர்களுள் நூற்றுக்கு முப்பது பேர் அளவில் மாண்டனர். பிழைத்தவர்கள் முகமெல்லாம் தழும்போடும், சிலர் கண்ணொளி இழந்தும் வாழ்ந்தனர். ஐரோப்பாவிலும் இதே நிலைதான். 18ஆம் நூற்றாண்டில் அக்கண்டத்தில் மட்டும் ஆண்டுக்கு நான்கு இலட்சம் பேர் வரை இந்நோயால் இறந்தனர் என்பர். 1774இல் பிரெஞ்சு மன்னன் பதினைந்தாம் லூயியையும் இந்நோயே கொண்டு சென்றது. ஆயினும் மிகுதியாகப் பலியானவர்கள் குழந்தைகளே.

இந்நோயைத் தடுக்க மக்கள் ஒன்றுமே அறியாமல் இருந்தனர் என்று எண்ணிவிடலாகாது. ஒருமுறை பெரியம்மை கண்டு பிழைத்தவர்க்கு அது மறுமுறை வாராது என்பதை எல்லா நாட்டு மக்களும் கண்டறிந்திருந்தனர். ஆகவே, இலேசாக நோய் கண்டவரின் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து, நலமாக உள்ளவரின் தோலைக் கீறி அதில் செலுத்தும் வழக்கம் சீனத்திலும் துருக்கியிலும் ஆப்பிரிக்காவிலும் நம் நாட்டின் வங்காளத்திலும் வேறு வேறு வடிவில் இருந்து வந்தது. அக்கொப்புளத்து நீரைத்தான் நம்மவர் அம்மைப்பால் என்றனர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1721இல் பெரியம்மை பரவியபோது கையாளப்பட்ட இம்முறையை அங்குள்ள வெள்ளையர்க்கு அதற்கு முன்பே அறிவித்திருந்தவர் ஒனேசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை. தம் தாயகத்தில் தமக்கே அது செய்யப்பட்டதை அவர் தம் எசமானரான காட்டன் மேதர் என்னும் போதகரிடம் விளக்கினார். அடிமையின் சொல்லை நம்புவதா என்று அந்நகர மருத்துவர் பலர் எள்ளி நகையாடினர். சொன்னதோ உண்மையாயிற்று.

அதே 1721ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்ததையும் அறிதல் வேண்டும். துருக்கியில் இம்முறையைக் கண்டு தம் மகனுக்கு அங்கேயே செய்வித்திருந்த மேரி மாண்டேகு சீமாட்டி, இலண்டன் திரும்பித் தம் மகளுக்கும் செய்வித்தார். அரச குடும்பம் ஆர்வம் கொண்டது. ஆனால் இளவரசியரின் உடலில் நேரே சோதிக்க எவர் துணிவார்? நியூகேட் சிறையில் தூக்குத் தண்டனைக்குக் காத்திருந்த ஆறு கைதிகளுக்கு, விடுதலை தருவதாகச் சொல்லி, முதலில் செய்தனர். அவர்கள் பிழைத்தனர். அடுத்து ஆதரவற்ற அனாதைக் குழந்தைகளுக்குச் செய்தனர். அவர்களும் பிழைத்தனர். அதன் பின்னரே 1722இல் அரச குடும்பத்துச் சிறுமியர்க்குச் செய்யப்பட்டது. ஆபத்து ஏழையின் தோள் வழியே போய், நன்மை அரண்மனை வாயில் வழியே நுழைந்தது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

அம்மைப்பால் செலுத்தும் அப்பழைய முறையிலும் நூற்றுக்கு இருவர் மூவர் இறக்கவே செய்தனர். செலுத்தப்பட்டது உண்மையான பெரியம்மைக் கிருமியே ஆதலால், அவர்களிடமிருந்து அக்கம்பக்கத்தாருக்கும் நோய் பரவியது. சிறுவன் எட்வர்டுக்கு எட்டு வயதானபோது அவனுக்கும் இது செய்யப்பட்டது. அக்கால வழக்கப்படி பல வாரங்கள் அவனைக் குறைந்த உணவில் வைத்து, இரத்தம் வடித்து, பேதி மருந்து கொடுத்து எலும்பும் தோலுமாக்கினர். பின்னர் அம்மைப்பாலைக் கீறிச் செலுத்தி, நோய் இறங்கும் வரை மற்றப் பிள்ளைகளோடு ஒரு குதிரைக் கொட்டிலில் அடைத்து வைத்தனர். பிழைத்தான். ஆனால் அதன் பிறகு நெடுங்காலம் சரியான உறக்கமின்றியும் சிறு ஓசைக்கே திடுக்கிட்டும் துன்புற்றான். குழந்தையின் உடலில் ஒரு மருந்து செலுத்தப்படுவது எத்தகைய அச்சம் என்பதை ஜென்னர் நூல் வழியே அறிந்தவர் அல்லர்.

பதின்மூன்று பதினான்கு வயதில் சிப்பிங் சாட்பரி என்னும் ஊரில் டேனியல் லட்லோ என்ற அறுவை மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அவ்வட்டாரத்துப் பால் கறக்கும் பெண்களிடையே ஒரு நம்பிக்கை வழங்கி வந்தது. மாட்டின் மடியில் வரும் அம்மை தங்கள் கைகளுக்கு ஒட்டிக்கொண்டால், சில நாள் கொப்புளமும் வலியும் இருந்து ஆறிவிடும். ஆனால் அதன் பின் பெரியம்மை தங்களை அண்டாது என்பது அந்நம்பிக்கை. படித்த மருத்துவர்கள் இதனைக் கேட்டிருந்தும் குடியானவர்களின் கதை என்று தள்ளிவிட்டனர். இளைஞர் ஜென்னரின் செவியில் அது தங்கிவிட்டது.

1770இல் இலண்டன் சென்று, அக்காலத்தின் தலைசிறந்த அறுவை மருத்துவரான ஜான் ஹன்டரிடம் மாணாக்கராகப் பயின்றார். ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிடச் செய்து பார்த்துக் கண்டறிவதே அறிவு என்பது ஹன்டர் கற்பித்த பாடம். கப்பல் தலைவர் குக் உலகைச் சுற்றி வந்தபோது கொண்டுவரப்பட்ட செடி கொடி வகைகளை வகைப்படுத்தும் பணியும் ஜென்னருக்குக் கிடைத்தது. இலண்டனிலேயே தங்கிப் பொருள் ஈட்டியிருக்கலாம். அவரோ பெர்க்லிக்கே திரும்பி, குதிரை மீதேறி ஊர் ஊராகச் சென்று மருத்துவம் பார்க்கலானார். குயில்கள் பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடுவதையும், பொரிந்த குயிற்குஞ்சே மற்ற முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகால் உந்தி வெளியே தள்ளுவதையும் நேரிற் கண்டு அவர் எழுதிய கட்டுரைக்காக 1789இல் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. பார்த்ததை மட்டும் எழுதுவது என்ற அவருடைய பழக்கம் பின்னாளில் பெரிதும் கைகொடுத்தது.

ஜென்னருக்கு முன்பே இதனைச் செய்து பார்த்த ஒருவர் இருந்தார். டார்செட் வட்டாரத்தில் பெஞ்சமின் ஜெஸ்டி என்ற உழவர், 1774இல் அவ்வூரில் பெரியம்மை பரவியபோது, மாட்டின் மடிக் கொப்புளத்து நீரை ஊசியால் எடுத்துத் தம் மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் கீறிச் செலுத்தினார். அவர்களைப் பெரியம்மை தீண்டவில்லை. ஊராரோ அவரைத் தூற்றினர். உழவருடைய துணிவு அவர் குடும்பத்தைக் காத்தது, உலகுக்குப் பயன்படவில்லை. ஒன்றைச் செய்வது வேறு. அதனைப் பலரிடம் சோதித்து, எழுதி வைத்து, பிறர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லி நிலைநாட்டுவது வேறு. இரண்டாவதைச் செய்தவர் ஜென்னர்.

1796ஆம் ஆண்டு மே மாதம் சாரா நெல்ம்ஸ் என்ற பால் கறக்கும் இளம்பெண் கையில் கொப்புளங்களோடு ஜென்னரிடம் வந்தாள். பிளாசம் என்ற பெயருடைய மாட்டிடமிருந்து அவளுக்கு அது ஒட்டியிருந்தது. மே 14ஆம் நாள் அவள் கையிலிருந்த கொப்புளத்தின் நீரை எடுத்து, ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனின் கையில் இரண்டு சிறு கீறல்கள் இட்டுச் செலுத்தினார். ஏழாம் நாள் அச்சிறுவனுக்கு அக்குளில் சிறிது வலி கண்டது. ஒன்பதாம் நாள் குளிரும் தலைவலியும் வந்தன. மறுநாள் எழுந்து விளையாடப் போய்விட்டான். ஜூலை 1ஆம் நாள் உண்மையான பெரியம்மைப் பாலையே அவனுக்குச் செலுத்திப் பார்த்தார். நோய் வரவில்லை. பின்னர் மறுபடியும் சோதித்தார், அப்போதும் வரவில்லை.

யார் இந்த ஜேம்ஸ் ஃபிப்ஸ்? ஜென்னரின் தோட்டத்தில் அவ்வப்போது வேலை செய்த, சொந்த நிலம் ஏதுமற்ற ஒரு கூலித் தொழிலாளியின் மகன். அந்தத் தந்தையிடம் எவ்வாறு சம்மதம் கேட்கப்பட்டது என்பதை வரலாறு எழுதி வைக்கவில்லை. வேலை கொடுப்பவர் கேட்கும்போது மறுத்துரைக்கும் துணிவு கூலியாளுக்கு எவ்வளவு இருக்கும் என்பதை நம் சமுதாயத்தாருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஜென்னரின் பக்கமும் பேச வேண்டும். 1789இல் கைக்குழந்தையாயிருந்த தம் மூத்த மகனுக்கே பன்றியம்மையின் பாலைச் செலுத்திச் சோதித்தவர் அவர். 1798இல் இரண்டாம் மகனுக்கு மாட்டம்மைப் பாலைச் செலுத்தினார், அது பற்றவில்லை. பெரியம்மைப் பால் செலுத்துவதும் அந்நாளில் ஊரெங்கும் பிள்ளைகளுக்குச் செய்யப்பட்ட வழக்கமே. இவ்வளவும் சொன்ன பிறகும், இன்றைய மருத்துவ நெறி அச்சோதனையை அனுமதிக்காது என்பதே உண்மை. இன்று புதியதொரு தடுப்பூசி முதலில் ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிடமும், பின்னர் விவரமறிந்து எழுத்தில் ஒப்புதல் தந்த பெரியவர்களிடமும் படிப்படியாகச் சோதிக்கப்பட்டு, அதன் பின்னரே குழந்தைகளை எட்ட வேண்டும் என்று விதி வகுத்திருக்கிறார்கள். இத்தகைய விதிகள் தாமாக வந்தவை அல்ல. கேட்பாரற்ற மனிதரின் உடல்களில் பல நாடுகளில் நடந்த கொடிய சோதனைகள் வெளிப்பட்டு, உலகம் வெட்கிய பிறகே எழுதப்பட்டன.

ஜென்னர் தம் கண்டுபிடிப்பை எழுதி இராயல் கழகத்திற்கு அனுப்பினார். ஒரே ஒரு சிறுவனை வைத்து இவ்வளவு பெரிய முடிவா என்று அவர்கள் ஏற்கவில்லை. அவர்கள் தயங்கியதைக் குறை கூறமாட்டேன். அது முறையான கேள்வியே. ஜென்னரும் சினம் கொண்டு ஒதுங்கிவிடவில்லை. 1798இல் மீண்டும் மாட்டம்மை தோன்றும் வரை காத்திருந்து, மேலும் பல பிள்ளைகளுக்குச் செலுத்தி, 23 பேருடைய விவரங்களோடு எழுபத்தைந்து பக்க அளவிலான சிறு நூலைத் தம் செலவில் வெளியிட்டார். அப்பிள்ளைகளுள் ஒருவன் ஐந்து வயது ஜான் பேக்கர். குதிரையிடமிருந்து ஒருவர் கைக்குத் தொற்றிய கொப்புளத்தின் நீர் அவனுக்குச் செலுத்தப்பட்டது. ஏழையர் விடுதியில் பரவிய காய்ச்சல் கண்டு அச்சிறுவன் இறந்து போனான். அவனைப் பற்றிய செய்தி முதல் நூலில் முழுமையாக இல்லை. அடுத்த நூலிலேயே அவன் இறப்பு குறிக்கப்பட்டது. பாடநூல்களில் ஃபிப்ஸின் பெயராவது இருக்கிறது. பேக்கரின் பெயர் எங்கும் இல்லை. ஆதலின் இம்மலரிலாவது இருக்கட்டும்.

நூல் வெளிவந்ததும் எதிர்ப்பு பொங்கியது. 1799இல் இலண்டன் பெரியம்மை மருத்துவமனையில் வில்லியம் உட்வில் என்ற மருத்துவர் நூற்றுக்கணக்கானோர்க்கு இம்முறையைச் செய்தார். நோயாளிகள் நிறைந்த கட்டடத்திலேயே செய்ததால் மாட்டம்மைப் பாலோடு பெரியம்மையும் கலந்து, பலருக்கு உடலெங்கும் கொப்புளம் கண்டது. ஒரு குழந்தை இறந்தது. குறை முறையிலா, செய்த இடத்திலா என்று ஜென்னர் ஆராய்ந்து, கலப்படமே காரணம் என்று எடுத்துக் காட்டினார். தூய பாலும் தூய இடமும் தடுப்பு முறையின் உயிர் என்ற பாடம் அங்கேதான் தொடங்கியது. வேறு சிலருடைய எதிர்ப்பில் அறிவு ஏதும் இல்லை. மாட்டுப் பால் ஏற்றினால் பிள்ளைகளுக்கு மாட்டு முகம் வரும் என்று பட்டம் பெற்ற மருத்துவர்களே நூல் எழுதினர். தடுப்புப் பால் ஏற்றவர்களின் உடலிலிருந்து மாடுகள் முளைப்பது போல் 1802இல் கில்ரே என்பவர் வரைந்த கேலிச் சித்திரம் மிகவும் பெயர் பெற்றது. வதந்தி பரப்புவதற்குக் கைப்பேசி தேவையில்லை என்பதற்கு அச்சித்திரம் சான்று.

ஜென்னர் தம் முறையை இரகசியமாக வைத்துக்கொண்டு செல்வம் குவித்திருக்கலாம். அவர் யாவருக்கும் கற்றுக் கொடுத்தார். கேட்டவர்க்கெல்லாம் அம்மைப்பாலை நூலில் தோய்த்து உலர்த்தி அஞ்சலில் அனுப்பினார். தம் தோட்டத்திலிருந்த ஒரு சிறு குடிலில் ஏழைகளுக்குக் கட்டணமின்றிச் செய்து வந்தார். இதனால் சொந்த மருத்துவத் தொழில் நலிந்தது. நாடாளுமன்றம் 1802இல் பத்தாயிரம் பவுனும், 1807இல் இருபதாயிரம் பவுனும் அவருக்கு வழங்கியது. இங்கிலாந்தோடு போரிட்டுக் கொண்டிருந்த நெப்போலியனும் தம் படை வீரர்களுக்கு இத்தடுப்பைச் செய்வித்தார். ஜென்னர் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஆங்கிலக் கைதிகள் சிலரை விடுதலையும் செய்தார்.

அக்காலத்தில் குளிர்ப்பெட்டி கிடையாது. அம்மைப்பாலைத் தொலைதூரம் கொண்டு செல்ல மனித உடலே கலமாயிற்று. ஒரு பிள்ளையின் கையில் செலுத்தி, எட்டொன்பது நாளில் கொப்புளம் எழும்போது அதிலிருந்து அடுத்த பிள்ளைக்கு மாற்றுவார்கள். 1803இல் ஸ்பெயின் நாட்டிலிருந்து அமெரிக்கக் கண்டத்திற்குப் புறப்பட்ட பால்மிஸ் என்ற மருத்துவரின் கப்பலில் இருபத்திரண்டு அனாதைச் சிறுவர்கள் இதற்காகவே ஏற்றப்பட்டனர். நம் நாட்டிற்கு அது வியன்னா, பாக்தாத், பாஸ்ரா வழியாக வந்தது. 1802ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுச் சிறுமியின் கையில் அது முதன்முதலாகப் பற்றியது. அவள் கையிலிருந்து எடுத்த பாலே பிற குழந்தைகளுக்கும், அங்கிருந்து சென்னை உள்ளிட்ட பிற பகுதிகளுக்கும் சென்றது.

கைக்குக் கை மாற்றும் அம்முறை நம் நாட்டில் சாதி என்னும் சுவரில் மோதியது. பால் எடுப்பதற்காகப் பெரும்பாலும் ஏழைகளின், தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளே கொண்டுவரப்பட்டனர். அப்பிள்ளைகளின் கையிலிருந்து எடுத்ததைத் தம் பிள்ளைகளின் உடலில் ஏற்றுவது தீட்டு என்று உயர்ந்தோர் எனப்பட்டோர் பலர் மறுத்தனர். தாழ்ந்தவன் என ஒதுக்கிய குழந்தையின் கையில் தம் குழந்தையின் உயிர் இருந்தும் அதனை வேண்டாம் என்றனர். அதே நேரத்தில், கொப்புளத்தைக் கிழித்துப் பால் எடுக்கும்போது நம் பிள்ளைகளுக்கு உண்டான வலியும் புண்ணும் நம் தாய்மாரை அஞ்சி ஒளியச் செய்தன. தடுப்பூசிக்கு நம் மக்கள் அஞ்சினார்கள் என்றால் அது வெறும் அறியாமை என்று எழுதுவோர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அம்முறையில் உண்மையான ஆபத்தும் இருந்தது. 1861இல் இத்தாலியின் ரிவால்டா என்னும் ஊரில், கொடுத்த குழந்தைக்கு இருந்த மேக நோய் பெற்ற குழந்தைகள் பலருக்கும் தொற்றியது. இதற்குப் பின் கன்றுகளின் தோலில் அம்மைப்பாலை வளர்த்து, கிளிசரின் கலந்து கிருமி நீக்கிக் குப்பிகளில் அடைக்கும் முறை பரவியது. நம் சென்னைக் கிண்டியில் 1899இல் நிறுவப்பட்ட கிங் நிலையம் இவ்வாறு அம்மைப்பால் தயாரிப்பதற்காகத் தோன்றியதே. குப்பியில் வந்த மருந்துக்குச் சாதி கேட்க வழியில்லாமல் போயிற்று. ஒருமுறை குத்தினால் ஆயுள் முழுதும் காக்கும் என்று ஜென்னர் நம்பியதும் பிழையாயிற்று. சில ஆண்டுகளில் காப்பு தேய்கிறது, மறுபடி குத்த வேண்டும் என்பதைப் பின்வந்தோர் கண்டனர். இன்று குழந்தைகளுக்குச் சில தடுப்பூசிகளை இரண்டு மூன்று தவணையாகவும் பின்னர் ஊக்கத் தவணையாகவும் போடுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. முதல் ஊசிக்குக் கொண்டு சென்று, அடுத்ததைக் கைவிடும் பெற்றோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

தடுப்பு எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஜென்னர் அறியார்; கிருமி என்ற கருத்தே அன்று நிலைபெறவில்லை. வலிமை குறைந்த அல்லது உயிரற்ற கிருமியையோ அதன் ஒரு பகுதியையோ கண்டு உடல் தன் காவற்படையைப் பழக்கிக் கொள்கிறது என்றும், உண்மை நோய் வரும்போது அப்படை ஆயத்தமாக எழுகிறது என்றும் பிற்காலத்தார் விளக்கினர். இலத்தீன் மொழியில் பசுவைக் குறிக்கும் வாக்கா என்னும் சொல்லிலிருந்து பிறந்த வாக்சின் என்னும் பெயரை எல்லாத் தடுப்பு மருந்துகளுக்கும் பொதுவாக்க வேண்டுமென்று 1881இல் லூயி பாஸ்டர் முன்மொழிந்தது ஜென்னரைப் போற்றும் பொருட்டே. தொண்டை அடைப்பான், கக்குவான், இசிவு, இளம்பிள்ளை வாதம், தட்டம்மை என்று ஒவ்வொன்றுக்கும் பின்னர் ஊசியோ சொட்டு மருந்தோ வந்தது.

பெரியம்மை இந்தியாவில் கடைசியாக 1975 மே மாதம் அசாமில் காணப்பட்டது. உலகில் இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவில் இருந்தார். 1980 மே 8ஆம் நாள் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என்று உலகச் சுகாதார மன்றம் அறிவித்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரியம்மைத் தடுப்பு முற்றிலும் தீங்கற்றது அன்று. முதன்முறை குத்திக்கொண்டோரில் பத்து இலட்சத்திற்கு ஓரிருவர் அதனாலேயே இறந்ததுண்டு. நோய் இருந்த வரை நூற்றுக்கு முப்பது என்ற சாவோடு ஒப்பிட்டு அதனைப் போட்டார்கள். நோய் ஒழிந்ததும் அந்தச் சிறு ஆபத்தும் வேண்டாமென்று நிறுத்திவிட்டார்கள். மருத்துவ உலகம் தடுப்பூசிகளை எடைபோடும் முறை இதுதான். இன்று நம் குழந்தைகளுக்குப் போடப்படுபவை அதனினும் பன்மடங்கு பாதுகாப்பானவை. ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் ஓரிரு நாள் காய்ச்சலும் வருவது இயல்பு. கடுமையான ஒவ்வாமை மிக அரிது. அது நேர்ந்தால் உடனே கவனிப்பதற்காகவே அரை மணி நேரம் அங்கேயே இருந்து போகும்படி செவிலியர் சொல்கிறார்கள். அவசரப்பட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாகாது.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஆகிய இரண்டிற்குமான தடுப்பூசி நம் மாநிலப் பள்ளிகளில் போடப்பட்டபோது, கைப்பேசிகளில் கண்டபடி செய்திகள் உலவின. நான் அப்போது பணியாற்றிய பள்ளிக்கு நம் குடியிருப்பைச் சேர்ந்த தாய் ஒருவர் வந்தார். எங்கள் பிள்ளைகள் மேல்தான் எதையும் முதலில் போட்டுப் பார்ப்பார்களா, பணக்காரர் பிள்ளைகளுக்கு ஏன் போடவில்லை என்பது அவர் கேள்வி. நியூகேட் கைதிகளையும் ஃபிப்ஸையும் அறிந்தவர் எவரும் அக்கேள்வியை அலட்சியம் செய்யமாட்டார். நானறிந்த விடையைச் சொன்னேன். இந்த ஊசி பல நாடுகளில் பல பத்தாண்டுகளாகப் போடப்பட்டு வருவது. வசதியுள்ளோர் தம் பிள்ளைகளுக்குத் தனியார் மருத்துவரிடம் பணம் கொடுத்து இதே நோய்களுக்கான ஊசியை ஆண்டுக்கணக்காகப் போட்டு வந்திருக்கின்றனர். அவர்கள் பிள்ளைகள் பெற்றுவிட்ட காப்பு நம் பிள்ளைகளுக்கு இப்போதுதான் கட்டணமின்றி வருகிறது என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டு, ஊசி போடும் அறையில் மகளின் அருகிலேயே நின்றார். மறுநாள் அச்சிறுமிக்கு இலேசான காய்ச்சல். அடுத்த நாள் வகுப்பில் இருந்தாள்.

இனி ஜென்னரின் இறுதிக் காலத்தைச் சொல்லி முடிக்கலாம். புகழ் பெருகப் பெருக அவருடைய இல்லத்தில் இருள் சூழ்ந்தது. மூத்த மகன் 1810இல் காச நோயால் இறந்தான். மனைவி கேத்தரினும் 1815இல் அதே நோய்க்கு இரையானார். அந்நோய்க்கு அவரிடம் தடுப்பு ஏதும் இல்லை. அதன் பின் அவர் பெர்க்லியை விட்டு வெளியே செல்வது அரிதாயிற்று. வளர்ந்து ஆளாகி மணம் முடித்திருந்த ஜேம்ஸ் ஃபிப்ஸுக்கு வாடகையின்றி வாழ ஒரு சிறு வீட்டினைக் கொடுத்தார். அதன் முன்புறத்தில் ரோசாச் செடிகளைத் தம் கையாலேயே நட்டார்.

1823 ஜனவரி 26ஆம் நாள் ஜென்னர் காலமானார். பெர்க்லித் திருச்சபையில் நடந்த நல்லடக்கத்திற்கு வந்தவர்களுள் ஃபிப்ஸும் ஒருவர். அவர் மேலும் முப்பதாண்டுகள் வாழ்ந்து, 1853இல் இறந்து, அதே திருச்சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அம்மைத் தடுப்பு கட்டாயம் என்ற சட்டம் அதே 1853ஆம் ஆண்டில்தான் வந்தது.